துப்பட்டாவுக்குள் ஒரு கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பரங்கிப்பேட்டைப் பெண், கல்யாணங்களுக்கு மெஹந்தி போடுபவள். போனில் கஸ்டமர்கள் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனை அழைப்பையும் வலது கையாலேயே எடுத்தாள். இடது கையைத் துப்பட்டாவை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

"கையில அடியாம்மா?" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விரித்துக் காட்டினாள். வழக்கமான பூவும் கொடியும் இல்லை. உள்ளங்கை முழுக்க, கரை சேராமல் பாதியிலேயே திரும்பும் அலைகள்.

"இது நானா யோசிச்சுப் போட்டது, அக்கா. கல்யாணப் பொண்ணுங்க பாத்தா இதான் வேணும்பாங்க. அப்புறம் ஊர்ல எல்லார் கையிலயும் இதான் இருக்கும்."

"நல்ல வியாபாரம்தானே?"

"அதான்க்கா பயமா இருக்கு" என்று கையை மூடிக்கொண்டாள்.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் மணப்பெண்ணின் உள்ளங்கையைத்தான் பார்க்கிறேன், அந்த அலைகள் அங்கே இருந்துவிடக் கூடாதே என்ற பதைப்போடு.