மூடாமல் நிற்கும் பெட்டி

அப்புத்தளையில் போட்டோ கடை நடத்தும் அந்த அக்கா வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். படங்களைப் பென்டிரைவில் ஏற்றும் மென்பொருளை அவருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஏற்றி முடிந்ததும் திரையில் ‘முடிந்தது’ என்று ஒரு பெட்டி நிற்கும். ‘சரி’யை அமுத்தினால்தான் போகும்.

“அக்கா, இனி அது தானாவே மூடிக்கிற மாதிரி செஞ்சிடலாம். ரெண்டு வரி போதும்” என்றேன் பெருமையாக.

“வேணாம் தம்பி. அப்புறம் படம் வாங்க வர்றவங்க எதை அமுத்துவாங்க?”

மகளின் கல்யாணப் படங்களுக்காகக் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். யார் வந்தாலும் செய்வதுபோல அக்கா கீபோர்டை அவர் பக்கம் திருப்பினார். “முடிஞ்சிருச்சும்மா, நீங்களே அமுத்துங்க.”

கொழுந்துக் கறை படிந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த அம்மா அமுத்தினார். கல்யாணமே அப்போதுதான் முடிந்ததுபோலப் பெருமூச்சு விட்டார்.

நான் எழுதிய மற்றப் பெட்டிகளெல்லாம் தாமாகவே மூடிக்கொள்கின்றன. அந்தக் கடையில் மட்டும் அது இன்னும் ஒரு விரலுக்காகக் காத்து நிற்கிறது.