ஒத்த இன்ஜின் நின்ன அன்னைக்கு

அன்னைக்கு நான் செத்துப்போயிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன். இன்னைக்கு உங்க முன்னால நின்னு பேசுறேன்னா அது நம்ம தேயிலை ஸ்டோரு மெசினுக்குக் காவல் இருக்கிற ரோதைமுனி சாமி குடுத்த உசிரு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா கோயில்ல நின்னுக்கிட்டு சாவப் பத்திப் பேசுறாளேன்னு யாரும் முணுமுணுக்காதீங்க. நடந்தத நடந்தபடிதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

என்னைய முக்காவாசிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பேரு பாக்கியம். நம்ம தோட்டத்து ஸ்டோருல தேயிலை சலிக்கிற அறையில வேலை. வீட்டுக்காரரு மலையில தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போறவரு. எங்களுக்கு ஒரே மகன், தினேஷ். விமானப்படையில இருக்கான். ஓட்டுறவன் இல்ல. சண்டை விமானத்து இன்ஜினக் கழட்டிப் பழுது பார்த்து மாட்டுறவன்.

போன தைப் பொங்கலுக்கு லீவுல வந்திருந்தான். திரும்பிப் போனதும் ஒரு இன்ஜின மாட்டணும், இந்தத் தடவ தான்தான் அதுக்குப் பொறுப்புன்னு சந்தோசமாச் சொன்னான். அவங்கப்பா சோத்துத் தட்ட வச்சுக்கிட்டே கேட்டாரு, "அதுல எத்தன இன்ஜின்டா இருக்கு?"

"ஒன்னுதாம்பா."

எனக்குத் திக்குன்னுச்சு. "அம்புட்டு ஒயரத்துல பறக்குறதுக்கு ஒன்னுதானா? ரெண்டு வச்சா என்னா கொறஞ்சா போயிரும்?"

கொறையுமாம். ரெண்டு வச்சா விமானம் பாரமாகிருமாம். எண்ணெயும் கூடக் குடிக்குமாம், வேலையும் ரெண்டு மடங்காம். ஒன்னே ஒன்னு இருந்தா மேனி லேசு, சட்டுன்னு மேல ஏறும், சட்டுன்னு திரும்பும், நம்மள மாதிரி சின்ன நாடு வச்சுக் காப்பாத்த முடியும். ரெண்டு இருந்தாலும் ஒன்னு வெடிச்சு பக்கத்துல இருக்கிறதையும் கெடுத்துட்டா என்னாம்மா செய்வீங்கன்னு என்னையவே கேட்டான்.

"அதெல்லாம் சரி. இந்த ஒன்னு நின்னு போனா?"

"மேல இருக்கிறவரு வழுக்கிக்கிட்டே வந்து எறங்கப் பார்க்கணும். முடியலன்னா சீட்டோட வெளிய பாயணும். அது நிக்காமப் பார்த்துக்கத்தாம்மா எங்களுக்குச் சம்பளம்."

"ஒத்த தண்ணிப் பீலிய நம்பி இருக்கிற லயத்து வீடுங்க மாதிரி," ன்னாரு அவங்கப்பா. அது அடைச்சா எல்லா வீட்டுக்கும் தண்ணி இல்ல.

தினேஷ் இன்னொன்னும் சொன்னான். அந்த இன்ஜின் முன்னால இருந்து காத்த உறிஞ்சி இழுக்குமாம். ஒரு சின்ன ஆணி உள்ள போனாலும் சுத்துற தகடெல்லாம் ஒடைஞ்சிருமாம். அதனால நெதமும் எல்லாரும் வரிசையா நின்னு ஓடுபாதையில கல்லு பொறுக்குவாங்களாம், நம்ம நெரையில கொழுந்து எடுக்குற மாதிரி. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

இத்தனையும் கேட்டுட்டு நான் என்னா செஞ்சேன் தெரியுமா? நம்ம ஸ்டோரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரோதை, அதான் மெசினோட பெரிய சக்கரம், அதப் பழுது பார்த்து முதமுதல்ல ஓட்டுறப்ப, ரோதைமுனி காலடியில வச்ச எலுமிச்சம்பழத்த அடியில போட்டு நசுங்க விடுவோம். அப்பதான் மெசின் ஆள அடிக்காது. அவன் கெளம்புற அன்னைக்கு, பூசாரிக்கிட்ட சொல்லி ஒரு பழம் வாங்கி அவன் பையில வச்சேன். "இன்ஜின் முதல்ல சுத்துறப்ப இது நசுங்கணும், மறந்துறாத"ன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்காத கொறையாச் சொல்லி அனுப்பினேன். கல்லு ஆணிதானே ஆகாது, சாமி பழம் என்னா செஞ்சிரப் போகுதுன்னு என் புத்தி.

மாசி பொறந்திருச்சு. ஒரு நாள் காலைத் தேத்தண்ணி நேரம் போன் அடிச்சுச்சு. தினேஷ். அவன் குரலே இல்ல அது.

"அம்மா, விமானம் ஒன்னு கடல்ல விழுந்திருச்சு. நான் மாட்டுன இன்ஜின். அத ஓட்டுன எங்க ஆபீசர் சேரக் காணோம். எங்க எல்லார் போனையும் வாங்குறாங்க. விசாரிக்கப் போறாங்க. இனிப் பேச ஏலாது."

வச்சுட்டான். பழத்த என்னடா செஞ்சன்னு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வச்சுட்டான். திருப்பித் திருப்பி அடிச்சேன். போன நிப்பாட்டி வச்சிருந்தாங்க.

சலிக்கிற மெசின் ஓடிக்கிட்டே இருக்கு. எனக்குக் காது அடைச்சிருச்சு. அந்த உறிஞ்சுற வாய்க்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் போற மாதிரியே கண்ணுக்குள்ள நிக்குது. ஒரு புள்ளைய நான் கொன்னுட்டேன். என் மகனையும் கொலைகாரனாக்கிட்டேன். ஸ்டோரப் பார்த்துக்கிற டீமேக்கர் ஐயாகிட்ட போயி, "ஐயா, எனக்கு அர நாள் வேணும்"னேன். தூள் குவிஞ்சு கெடக்குன்னு சொல்ல வந்தவரு, என் மூஞ்சியப் பார்த்துட்டு போன்னு கையக் காட்டிட்டாரு. அவரு அறையில டிவியில அதுதான் ஓடுது. கடலத்தான் காட்டுறாங்க. விமானியத் தேடுறாங்களாம்.

ஸ்டோருக்குப் பின்னால ரோதைமுனிக்கு முன்னால போயி விழுந்தேன். மழை. சூலத்துல இருந்து தண்ணி சொட்டுது. விளக்கு ஏத்தல, சூடம் கொளுத்தல. திட்டினேன். இந்த வாயிதான், ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்ச வாயிதான். "ஒனக்கு இந்தத் தோட்டத்து ரோதைதான் தெரியுமா? மத்தது கண்ணுக்குத் தெரியாதா? ஒன்ன நம்பித்தானே குடுத்தேன்"னு கத்தினேன். அப்புறம் கெஞ்சினேன். எம்புள்ள மேல பழி வரக் கூடாது, எம்புள்ளைய ஜெயில்ல போடக் கூடாது, எம்புள்ள, எம்புள்ள. வேற வார்த்தை வரவே இல்ல.

மலையில இருந்து எறங்கி வந்த வீட்டுக்காரரு என்னையத் தேடிக்கிட்டு வந்துட்டாரு. அவருகிட்ட பழத்தப் பத்திச் சொன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன். அவரு இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்கை என் தலையில போட்டுட்டு பக்கத்துல குந்திக்கிட்டாரு. "அந்த விமானிப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல?"ன்னாரு.

எங்கேயோ ஒருத்தி டிவி முன்னால ஒக்காந்து அதே கடலப் பார்த்துக்கிட்டு இருக்கா. எம்மகன் முகாமுல மூச்சோட இருக்கான். அவ மகன் இருக்கானான்னே அவளுக்குத் தெரியல. இவ்வளவு நேரம் நான் ஒரு தடவகூட அந்தப் புள்ளைக்காகக் கேக்கல.

அப்பத்தான் கேட்டேன். "முனியப்பா, பழி எம்மகன் மேலயே வரட்டும். வேணும்னா போலீசு என்னையக்கூடப் புடிச்சுக்கிட்டுப் போகட்டும். அந்தப் புள்ள கரைக்கு வரணும்." பேரு தெரியாது. என்னா சாதி என்னா ஊருன்னு தெரியாது. நேர்த்திக்கடன்கூட வைக்கல, சாமிகிட்ட பேரம் பேசுற தெம்பு எனக்கு இல்ல. அந்தப் புள்ள, அந்தப் புள்ளன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு கேட்டா எனக்குத் தெரியாது.

அந்தியில எடை போடக் கொழுந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. டீமேக்கர் ஐயா குடைகூட இல்லாம பின்பக்கம் ஓடி வந்தாரு. "பாக்கியம், அந்த விமானி கெடைச்சிட்டானாம். மீன் வள்ளத்துக்காரங்க தூக்கிட்டாங்களாம். உசிரு இருக்கு." சேத்துலயே கெடந்து அழுதேன்.

ஆனா பாரம் எறங்கல. பழம் இருக்கே. ஒரு வாரத்துக்கு மேல சோறு எறங்கல எனக்கு. அப்புறந்தான் தினேஷ் பேசினான். பறவைக் கூட்டமாம். ஏறின ஒடனேயே முன்வாயில மோதி இன்ஜின் அணைஞ்சிருச்சு. மாட்டுனதுல ஒரு கொறையும் இல்லன்னு விசாரிச்சுச் சொல்லிட்டாங்களாம். கீழ முழுக்க வீடுங்க. ரெண்டாவது இன்ஜின் இருந்திருந்தா அந்த சேரு திரும்பி வந்திருப்பாரு. இது ஒன்னுதான். ஆனா அதுவரைக்கும் எடுத்த வேகம் கையில மிச்சம் இருந்துச்சாம். அந்த வேகத்துல கொஞ்சம் மேல ஏறி, கடல் பக்கம் மூக்கத் திருப்பி, வீடெல்லாம் தாண்டினதுக்குப் பொறகுதான் வெளிய பாஞ்சிருக்காரு.

"அந்தப் பழம்?"னேன்.

"எம்மா, இன்ஜின் பக்கத்துல நாங்க மோதிரம்கூடப் போட்டுக்கிட்டுப் போக மாட்டோம். அதப் போயி உள்ள வைப்பனா? வேல முடிஞ்ச அன்னைக்குப் பிழிஞ்சு எல்லாருக்கும் தண்ணி கலக்கிக் குடுத்தேன். அந்த சேரும் குடிச்சாரு. இன்னுங் கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்னாரு."

சாமி பழம் எங்க போகணும்னு எனக்குத் தெரியல. சாமிக்குத் தெரிஞ்சிருக்கு.

அந்த விமானி பேரு சமீர. இடுப்புல அடி, கால்ல அடி. தினேஷ் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனப்ப எனக்குப் போன் போட்டுக் குடுத்தான். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல வலிக்குதாப்பான்னு கேட்டேன். இல்ல அம்மேன்னு பொய் சொன்னாரு. அப்புறம் போன அவங்க அம்மா வாங்கினாங்க. ரெண்டு பேரும் அழுதுட்டு வச்சுட்டோம்.

பயம் போயிருச்சான்னு கேட்டா, போகல. எம்மகன் இன்னும் அந்த ஒத்த இன்ஜினத்தான் மாட்டிக்கிட்டு இருக்கான். மேல ஒருத்தரு போனா, அவரு திரும்பி எறங்குற வரைக்கும் அவன் வானத்தையே பார்த்துக்கிட்டு நிப்பானாம். ஆனா நான் கும்பிடுறது மாறிப் போச்சு. இப்பல்லாம் முதல்ல அடுத்தவ புள்ளைக்குக் கேக்குறேன். எம்புள்ள கடைசியிலதான். கேட்டுப் பாருங்க, சாமி காது குடுக்கும். நான் பார்த்தவ சொல்றேன்.

பூசை முடிஞ்சதும் சோறு போடுவாங்க. சாப்புட்டு ஒடனே ஓடிறாதீங்க. கொழும்புல, வெளிநாட்டுல, எங்க எங்கயோ கெடக்குற ஒங்க புள்ளைங்க பேர என்கிட்ட சொல்லிட்டுப் போங்க, நான் கும்பிடுறேன். இந்த வாயால சண்டையாகி என்னோட பேசாதவங்களும் வந்து சொல்லுங்க. ஒங்க புள்ள பேரத்தான் நான் முதல்ல சொல்லுவேன்.