கண்ணாடிக் குடுவைக்குள் எங்கள் ராக்கெட்

பழைய டிவியை ஆன் செய்ததும் திரைப் பக்கம் கையைக் கொண்டுபோனால் ரோமம் சிலிர்க்குமே... எங்கள் புராஜெக்ட் லேப் முழுக்க அந்தச் சிலிர்ப்புதான். கூடவே இடி இடித்த பிறகு வருமே, அந்த வாசனை.

திண்டிவனம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். கடைசி வருஷம். எரிபொருளே இல்லாமல், கரண்ட்டை மட்டும் வைத்து விண்கலத்தைத் தள்ள முடியுமா என்று எனக்கும் சுமதிக்கும் ஓர் ஆசை. கொசு உட்கார்ந்த அளவு தள்ளினாலும் போதும். விண்வெளியில் தடுக்க ஆளில்லை, மாசக்கணக்கில் தள்ளினால் வேகம் பிடித்துவிடும்!

டிவி டிரான்ஸ்ஃபார்மர், அலுமினியத் தாள், மெல்லிய கம்பி... இதுதான் எங்கள் இன்ஜின். வெளியே வைத்தால் நகர்ந்தது. அதில் அதிசயமில்லை, காற்றைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது. காற்றை உறிஞ்சிய குடுவைக்குள்ளும் நகருமா?

சுமதி மரக்காணம் கடலோரத்துப் பெண். அப்பாவின் தூண்டில் நரம்பைக் கொண்டுவந்து, குடுவைக்குள் இன்ஜினை அந்தரத்தில் தொங்கவிட்டாள். பம்ப்பையும் கரண்ட்டையும் ஒன்றாகப் போட்டோம்.

மெல்லத் திரும்பியது...!

நான் சும்மா இருப்பேனா? அன்று சாயங்காலமே எங்கள் ஊர் கிளியனூர் முழுக்கச் சேதி போய்விட்டது. எதிர் வீட்டு மாமா வந்து நின்றார். "டீசலே வேணாமாமே? நம்ம மோட்டார் கொட்டாய்க்கு ஒண்ணு ஜல்தியா பண்ணிக் குடு தம்பி."

நானும் கணக்குப் போடுகிற மாதிரி மோவாயைத் தடவிக்கொண்டேன்.

கவலையெல்லாம் சுமதிக்குத்தான். புராஜெக்ட்டுக்குப் பரிசு வந்தால் மேல்படிப்பு, வராவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. நடுவர்கள் வரும் நாள், காலையில் எனக்கு முன்னாலேயே வந்து இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தாள். எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியது, அதே பக்கம் திரும்பியது. கரண்ட்டை நிறுத்திவிட்டு பம்ப்பை மட்டும் ஓடவிட்டாள். அப்போதும் அதே பக்கம்!

"இன்ஜின் இல்லடா, நரம்புடா. கடக்காத்து ஈரம் அதுல ஊறிக் கெடந்திருக்குது. காத்த உறிஞ்சினா காஞ்சிப் போயி முறுக்கிக்குது."

"கம்முனு இரு சுமதி. திருப்பி மாட்டச் சொல்லி எவன் கேக்கப் போறான்?"

"நான் கேட்டுட்டேனே!"

நடுவர்களிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பரிசு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷின் செய்த டீமுக்குப் போனது.

ஆனால் வீட்டுக்குப் போனவள் அழவில்லை. "உன் நரம்பாலதான் தோத்தேன்ப்பா. நீதான் என்னைப் படிக்க வெக்கணும்" என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். என்ன நியாயமோ... மனுஷர் ஒப்புக்கொண்டுவிட்டார்!

இன்றைக்கு சுமதி விண்கல இன்ஜின்களைச் சோதிக்கிற லேப்பில் பெரிய ஆள். சமீபத்தில் போய்ப் பார்த்தேன். ஆள் உயர இரும்புத் தொட்டி, லேசர், ஏசி. சிலிர்ப்பும் இல்லை, வாசனையும் இல்லை. துளி வாயுவைக் கரண்ட்டால் பீய்ச்சித் தள்ளும் இன்ஜின்கள் நிஜமாகவே மேலே ஓடிக்கொண்டிருக்கின்றனவாம்.

"எரிபொருளே இல்லாம ஓடறது?" என்றேன்.

"இன்னமும் அப்பப்ப யாராவது ஒண்ணு தூக்கிக்கினு வர்றாங்க. திருப்பி மாட்டுங்கன்னு சொல்லிடுவேன்..." தொட்டியைப் பார்த்தாள். "சொல்லிட்டு, இதாவது எதிர்ப்பக்கம் திரும்பாதான்னு மூச்சப் புடிச்சிக்கினு நிப்பேன்டா."

கிளியனூர் மாமாவை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.