வாசுகி தன் பிழையை எழுதி வைத்த இடம்

காலையில் என் கணினியில் லினக்ஸை அப்டேட் செய்தேன். தமிழ்த் தட்டச்சு நின்றுவிட்டது.

கடுப்பில் போனை எடுத்து, அதற்குத் தமிழ் வசதி செய்துதரும் தன்னார்வலர்களின் இணையக் குழுவில் கேட்டேன்: "இதை ஆர் சோதிச்சுப் பார்த்தது?"

உடனே பதில் வந்தது. "நான்தான், வில்லரேயிலை இருக்கிற வாசுகி. புதுத் தட்டச்சு மென்பொருள் பொதியை இங்கிலிஷிலை மட்டும் சோதிச்சுப்போட்டு அனுப்பிட்டன். என்ர பிழை."

இன்னொருவர் குறுக்கிட்டார். "அடுத்த வெளியீட்டிலை பாப்பம், வாசுகி."

"இல்லை அண்ணை, அதுவரைக்கும் சனம் என்னண்டு தமிழ் எழுதிறது?"

மத்தியானத்துக்குள் திருத்திய பொதி வந்துவிட்டது. கூடவே வரும் மாற்றக் குறிப்பில், எவரும் படிக்கும்படி, வாசுகி தன் பெயரையும் பிழையையும் எழுதியிருந்தார். இத்தனைக்கும் சம்பளமில்லாத வேலை.

"இதை ஏன் உலகத்துக்கே சொல்லுறீங்கள்?" என்று தனியாகக் கேட்டேன்.

"பேந்து இந்தப் பொதியைப் பொறுப்பெடுக்கிற ஆளும் அதே இடத்திலை விழக்கூடாதெல்லோ."

லொங்குய் நகரில் நான் வேலை செய்யும் அலுவலகத்திலும் மென்பொருள்தான் செய்கிறோம், சம்பளத்துக்கு. அங்கே எந்தப் பிழையும் அன்றைக்கு லீவில் நிற்பவருடையது.

நாளைக்கு நான் லீவு. என் தலையில் என்ன விழும் என்று ஊகிப்பவர்கள் கீழே எழுதலாம்.