ஏலக்காரருக்கு மிஞ்சிய ஒரே சொல்

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர் அவர். மூச்சு விடாமல் விலை கூவுவார். அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்பார்கள். ஒரு நாள் காலை ஏலத்தின் நடுவே வாய் கோணிச் சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டு. கைகால் தேறிவிட்டது. பேச்சு வரவில்லை. வந்தது ஒரே சொல்: “சனியனே!”

நர்ஸுக்கும் அதுதான், பார்க்க வந்த அண்ணனுக்கும் அதுதான்.

“சரியான ஆளைத்தான் கூப்பிடுறான்” என்று அண்ணன் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. விலங்குக் காட்சிச்சாலையில் குரங்குக் கூண்டு அவள் பொறுப்பு. விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போனாள்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “திட்டு மட்டும் எப்படிம்மா வருது?”

“கோபம், சிரிப்பு, அழுகை எல்லாம் மூளையில ரொம்பப் பழைய இடத்திலேருந்து வருதுக்கா. குரங்கு கத்துறதும் அப்படித்தான். யோசிச்சுப் பேசணும்னா உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாத்துக்கும் ஒண்ணா உத்தரவு போகணும். அது பிற்காலத்துல மனுஷனுக்கு வந்த வழி. உங்க வீட்டுக்காரருக்கு அதுலதான் அடைப்பு.”

“ஓஹோ” என்றாள். கேட்டது எதுவும் உறைக்கவில்லை; மரத்துப்போன ஈறை நாக்கால் தொட்டதுபோல் இருந்தது.

அந்த வாரம் கூண்டைக் கழுவும்போது, தாய்க்குரங்கு குட்டியின் முகத்துக்கு நேரே உதடுகளைப் படபடவென்று மூடித் திறந்தது. தினமும் பார்ப்பதுதான். குட்டியும் பதிலுக்கு உதட்டை அசைத்தது. அவள் தண்ணீரை நிறுத்த மறந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்து, கணவருக்கு எதிரே முட்டிக்கு முட்டி உட்கார்ந்து அதையே செய்தாள்.

“சனியனே!” என்றார்.

“சரி, சனியன்தான். என் வாயைப் பாருங்க.”

பல நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு உதடு அசைந்தது. அதில் மெல்ல மூச்சு சேர்ந்தது: ப, ப, ப. பயிற்சிக்காரப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு ‘பா’ ஆக்கினாள், ‘பால்’ ஆக்கினாள். அவர் வாய்விட்டுப் பால் கேட்ட அன்று மனைவிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்துபோய்ப் பாலைச் சுடவைத்தாள்.

ஏலம் அண்ணன் கைக்குப் போயிற்று. இவர் தராசடியில் நிற்கிறார். சைகையும் பத்துப் பன்னிரண்டு சொற்களுமாகக் காலம் ஓடுகிறது. ஒரு மாலை வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லப் பார்த்தார். பாதி வந்து நின்றுவிட்டது. நெற்றி வியர்த்தது.

“மீதியை நாளைக்குச் சொல்லுங்க” என்றாள். “சாப்பாடு ஆறுது.”