விராலடிப்பானுக்காக அணைந்த அடுப்பு

கொம்பனித்தெருவில், பேரை வாவியை ஒட்டிய பலகைவீட்டு வரிசையின் முனையில் ஒரு வாகைமரம் நின்றது. அதன் அடியில்தான் அன்னபாக்கியத்தின் அடுப்பு. பின்னேரமானால் இடியப்பம் அவிக்கிற புகை கிளைகளுக்குள் புகுந்து வாவிப் பக்கமாய் வெளியேறும். அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை முடித்து வருகிற செலீன், அங்கே ஒரு பொதி வாங்கிக்கொண்டுதான் கொட்டாஞ்சேனை பஸ் ஏறுவாள். எவ்வளவு கூட்டம் வந்தாலும் கடைசித் தட்டு இடியப்பத்தை அன்னபாக்கியம் அவளுக்கென்று மூடி வைத்திருப்பாள்.

செலீனுக்கு நாற்பது கடந்துவிட்டது. கலியாணம் இல்லை, அக்கா நேசத்தோடு இருந்தாள். நேசம் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவாள். செலீன் அதை விட்டுப் பல காலம். வேண்டும் என்று ஆசைப்பட்டால் நடந்துவிடுமா, கண்ணால் கண்டதை மட்டும் நம்பு என்று அக்காவை இடித்துரைப்பாள். காண்பதற்கென்றே பழைய பைனாகுலர் ஒன்று வாங்கி, பறவை பார்ப்போர் சங்கத்திலும் சேர்ந்திருந்தாள். சங்கம் முழுக்கக் கார் வைத்திருக்கிற ஆட்கள், கதைப்பதெல்லாம் ஆங்கிலம். பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்லுகிற பறவையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு மாசி மாதத்துப் பின்னேரம் இடியப்பத்துக்குக் காத்து நின்றவள் தற்செயலாக மேலே பார்த்தாள். வெள்ளை வயிற்றுப் பெரிய பறவை ஒன்று, காலில் மீனோடு வாகையின் உச்சிக்கு இறங்கியது. அங்கே சுள்ளிகளால் கட்டிய கூடு. விராலடிப்பான்! மீனை மட்டுமே பிடித்துத் தின்னும் அந்தப் பறவை குளிர்நாடுகளிலிருந்து வந்து, இளவேனிலில் திரும்பிப் போய்விடும். இந்தத் தீவில் அது கூடு கட்டியதை யாரும் கண்டதில்லை. சூரியன் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. காலையில் இன்னொரு முறை வந்து பார்த்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அது வேறு பறவையாகிவிடுமோ என்று உள்ளூரப் பயம் இருந்ததோ என்னவோ.

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். அடுத்தது கொட்டாஞ்சேனையில் பென்குவின் முட்டையிடும் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் எரிந்தது. குஞ்சு பொரிக்கட்டும், வந்து பாருங்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மரத்தடியில் ஒரு அடுப்பு இருக்கிறது, அந்தப் புகைதான் பறவையைக் கலைத்துவிடும் என்றும் சொன்னாள்.

வெள்ளவத்தை சிவபாதசுந்தரம் திரும்பிப் பார்த்தார். ஓர் அரச திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அதுவரை அவளோடு ஒரு சொல் தமிழில் பேசாத மனிதர், “அந்தப் புகையை என்னட்ட விடுங்கோ, செலீன்” என்றார்.

விட்டால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. தன் பெயரை அவர் சொன்ன சந்தோஷத்தில் வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த கிழமை அவள் வந்தபோது மரத்தைச் சுற்றி முட்கம்பி போட்டிருந்தது. அடுப்பை மட்டும் எடுத்தால் போதாதென்று பலகைவீட்டு வரிசை முழுவதையும் அரச ஆட்கள் பிடுங்கிவிட்டார்கள். அனுமதியில்லாத குடியிருப்பு என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இத்தனை வருஷம் சென்றிருந்தது. லொறியோடு பொலிசும் வந்ததாம், பலகை தகரமெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடை ஸாலிஹ் சொன்னான். கம்பிக்குள்ளே நனைந்த சாம்பல் மட்டும் கிடந்தது.

வீட்டில் நேசம் வெறுங்கையைப் பார்த்தாள். “இண்டைக்கு இடியப்பம் இல்லையோ?”

“இல்லை.”

“ஏன், அன்னத்துக்குச் சுகமில்லையோ?”

செலீன் முகம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை முட்கம்பிக்கு வெளியே, வெயில் முதுகில் விழ நின்று பைனாகுலரைத் தூக்கினாள். விராலடிப்பானுக்குக் கண்ணுக்குக் குறுக்கே இருக்கவேண்டிய கருங்கோடு இல்லை. சாம்பல் முதுகு, ஆப்பு வடிவ வால். கடற்கழுகு. இந்தக் கரையில் எந்நாளும் இருக்கிற பறவை. அந்தோனியாரிடம் அக்கா கேட்ட அற்புதங்கள் எதுவும் ஒருவர் வீட்டையும் பிடுங்கியதில்லை என்று அவளுக்கு உறைத்தது.

பிழையை ஒப்புக்கொண்டால், மரத்துக்குக் காவல் வேண்டாமென்று சனங்களைத் திரும்ப விடுவார்கள் என்று நம்பினாள். கூட்டத்தில் எழுந்து, நான் கண்டது பிழை, அந்த ஆட்களைத் திரும்ப விடுங்கள் என்றாள். சிவபாதசுந்தரம் கோபிக்கவில்லை.

“அதுக்கென்ன, இடம் இப்ப வடிவாத்தானே கிடக்கு.”

பறவை இல்லையென்று ஆன பிறகும் கம்பி அப்படியே நின்றது. சனத்தைக் கலைக்க ஒரு சாட்டுப் போதும். திருப்பி விட எந்தச் சாட்டும் போதாது.

விசாரித்துப் போய், கிருலப்பனையில் தங்கச்சி வீட்டு விறாந்தையில் அன்னபாக்கியத்தைக் கண்டுபிடித்தாள். தங்கச்சி புருசன் அங்கே அடுப்பு மூட்ட விடவில்லையாம். இடியப்பத் தட்டுகள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. அன்னபாக்கியம் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தாள். செலீன் அதில் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“பறவைக்கா மிஸ்?” அன்னபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாங்க யாரோ பெரிய மந்திரி அந்தப் பக்கம் வாறாருன்னு நெனச்சோம். பறவைக்கா! அப்ப அது ரொம்பப் பெரிய பறவையா இருக்கணுமே. இன்னமும் இருக்கா?”

“இருக்கு. ஆனா நான் நினைச்ச பறவை இல்லை அக்கா.”

“அப்ப என்னா பறவை?”

“கடற்கழுகு. முந்தியும் அங்க இருந்ததுதான்.”

“ஓ, அதுவா.” அவள் சிரிப்பு நின்றது. “போன வருசமும் அங்கதான் கட்டிச்சு. எங்க பொகையிலதானே குஞ்சு வளந்துச்சு.”

செலீன் தலை குனிந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். கவிழ்ந்த தட்டுகளுக்கு முன்னால் அது வாய்க்கு வரவில்லை. உங்களுக்கு ஒரு அடுப்புக்கு இடம் தேடித் தாறன் என்று மட்டும் சொன்னாள்.

“யார்ட்ட கேப்பீங்க மிஸ்?” என்றாள் அன்னபாக்கியம். நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

செலீனுக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர்தான். அவர் பெயரை அவள் சொல்லவில்லை.