இரண்டு பேருக்கும் ஒன்று

எங்கள் தொகுதியின் எம்.பி. இனிமேல் நிற்கப்போவதில்லை என்று அறிவித்த கிழமை, என் தம்பி வீட்டுக்கு வந்தான். அவருடைய கட்சியில் அந்த இடத்துக்குத் தான் நிற்கப்போவதாகச் சொன்னான். தேநீர் கொடுத்து, "ஓம், நில்" என்றேன். இரண்டு நாள் கழித்து என் மகளின் கணவர் வந்தார். அவரும் அதே கட்சி, அதே இடம். அவருக்கும் தேநீர் கொடுத்து, "ஓம், நில்லுங்கோ" என்றேன். வீடு தேடி வந்து நம் கோப்பையைக் கையில் வைத்திருக்கிறவரின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது.

கட்சிக்குள் முதலில் ஒரு வாக்கெடுப்பு நடக்கும். அங்கத்தவர்கள் மட்டும் போடலாம். அதில் வென்றவர்தான் பெரிய தேர்தலில் நிற்கலாம். ஆகவே இருவருக்கும் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் வேண்டியிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் சங்கத்தில் நான் ஒரு சொல் சொன்னால் அது நடக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எல்லாரும் கட்சி அங்கத்தவர் ஆனார்கள். எல்லாரும் இரண்டு பேருக்கும் ஓம் சொன்னார்கள்.

பிறகுதான் வினை. சனிக்கிழமைக் கூட்டத்தில் தம்பிக்கு வேண்டியவர்கள் ஜன்னல் பக்கம், மருமகனுக்கு வேண்டியவர்கள் கதவுப் பக்கம் என்று கதிரைகள் பிரிந்தன. கதவுப் பக்கம் பனிக்காற்று அடிக்கும். "விறைச்சாலும் பரவாயில்லை, அவையோட இருக்கமாட்டம்" என்றாள் ஒருத்தி. என் மகள் தாய்மாமனுக்குத் தொலைபேசி எடுப்பதையே விட்டுவிட்டாள். அது எனக்கு நெஞ்சில் குத்தியது. தம்பி, மருமகன் இவர்களில் ஒருவர் மற்றவரிடம் தோற்றால், நான் இருக்கும்வரை இரண்டு பேரும் ஒரு வாசல் மிதிக்கமாட்டார்கள்.

கட்சியின் உள்ளூர்த் தலைவர், ஒரு பிரெஞ்சுக்காரர், வந்து "போன்ஜூர்" என்று கை கொடுத்தார். தோற்கிற பக்கம் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டால் பெரிய தேர்தலில் கட்சி கவிழ்ந்துவிடும் என்றார். மகள் மொழிபெயர்த்தாள். "நான் இருக்கிறன் எண்டு சொல்லு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். சோறு ஜன்னல் பக்கம் சமைக்க வேண்டும், கறி கதவுப் பக்கம் சமைக்க வேண்டும். வெறும் சோறு எவ்வளவு நேரம் தின்பார்கள்? முதல் நாள் கறியில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

"இந்தக் கறியைத் திண்டால் உங்கட ஆளே உங்களுக்கு வாக்குப் போடான்."

"முதல்ல உங்கட சோத்தைப் பாருங்கோ. உங்கட ஆள் மாதிரியே குழைஞ்சு கிடக்குது."

கண்ணில் தண்ணீர் வர வர எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை கதிரைகள் நடுவுக்கு வந்துவிட்டன.

வாக்கெடுப்பு நாளில் இரு பக்கத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினேன். வாக்குச்சீட்டில் மூன்று பெயர். எங்கள் ஆட்கள் இருவரும், பக்கத்து ஊர் கர்க்லாண்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும். விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட வேண்டுமாம்.

"அக்கா, ஆருக்கு ஒண்டு போடுறது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

"ரெண்டு பேரும் எங்கட பிள்ளையள். ஒராளுக்கு ஒண்டு, மற்றாளுக்கு ரெண்டு எண்டால், அவர் என்ன குறைவோ? ரெண்டு பேருக்கும் ஒண்டு போடுங்கோ."

"அப்பிடிப் போடலாமோ?"

"ரெண்டு பேருக்கும் இலக்கம் போடப் பெட்டி கிடக்குதுதானே."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. கொடுத்த வாக்கு இரண்டும் காப்பாற்றப்பட்டுவிட்டது. நானும் அப்படித்தான் போட்டேன்.

ஒரே சீட்டில் இரண்டு ஒன்று இருந்தால் அது செல்லாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? பஸ்ஸில் வந்தவர்களின் அத்தனை சீட்டையும் ஒதுக்கி வைத்தார்கள். மருந்துக்கடைக்காரி வென்றாள்.

மண்டபத்து நடையில் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள்.

"அக்கா, பஸ்ஸுக்குள்ள என்ன சொன்னனீங்கள்?"

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். பிறகு இவ்வளவு நாளுக்கும் முதல் தடவையாக அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மாமா, இது உங்கட அக்கா."

"உங்கட மாமியும்தான்."

அன்று பின்னேரம் மகள் தொலைபேசி எடுத்தாள். "அம்மா, மாமா இஞ்சதான் நிக்கிறார். இவரும் அவரும் குசினிக்குள்ள அடுப்படியில இருந்து ரெண்டு மணித்தியாலமா உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கினம்."

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு" என்றேன். அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது.

ஒருவர் மற்றவரிடம் தோற்கவில்லை. ஆகவே கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்க ஆளில்லை. அடுத்த கிழமையே இரு பக்கமும் மருந்துக்கடைக்காரிக்காக வீடு வீடாகப் போகத் தொடங்கியது. தலைவர் சங்கத்துக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். எப்படி இதைச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"நல்லா யோசிச்சுத்தான் செய்தனான் எண்டு சொல்லு" என்றேன்.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் சுருக்கமாக மொழிபெயர்த்தாள்.